பங்களா நிற்கட்டும், லயத்தின் கதையும் நிற்கட்டும்



கடந்த பாடசாலை விடுமுறைக்குக் கிளிநொச்சியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வளவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். 1977ஆம் ஆண்டு கலவரத்தில் தோட்டத்தை விட்டுக் கைக்குழந்தையோடு லொறியேறி வன்னிக்கு வந்தவர். நான் படிப்பிக்கும் தோட்டம் அவர் பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். அதனால் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது கேட்பார். இந்த முறை இப்படிக் கேட்டார்:

“டீச்சரம்மா, அந்தப் பெரிய தொர பங்களா இன்னும் இருக்கா?”

“இருக்கு பாட்டி. நல்லாத் திருத்தி ஹோட்டலா நடத்துறாங்க. வெள்ளைக்காரங்க வந்து தங்குறாங்க.”

“நாங்க இருந்த மேட்டு லயம்?”

“அது இல்ல பாட்டி. கூரை போயி, சுவரும் இடிஞ்சு போச்சு. இப்ப அந்த இடத்துல மானாப்புல்லுதான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் பங்களா வாசல்ல கல்லு பதிச்சது எங்க தாத்தா. அதையாச்சும் எங்கேயாவது எழுதி வச்சிருக்காங்களா புள்ள?” என்றார்.

எழுதி வைக்கவில்லை. அந்த ஹோட்டலுக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன். அங்கே அறை சுத்தம் செய்யும் பிள்ளைகளில் இருவர் என்னிடம் படித்தவர்கள். முன் மண்டபத்தில் நல்ல மரத்தில் செய்த ஒரு பலகை தொங்குகிறது. அந்தத் தோட்டத்தை நிர்வாகம் செய்த துரைமார் எல்லோருடைய பெயரும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை இருந்தார்கள் என்பதும் பொன் எழுத்தில் இருக்கின்றன. இரண்டு ஆண்டு மட்டும் இருந்துவிட்டுப் போன துரையின் பெயரும் இருக்கிறது. நான்கு தலைமுறை உழைத்தவர்களில் ஒருவருடைய பெயரும் இல்லை.

பாட்டியின் கேள்விதான் இந்த இதழின் ஆசிரியர் தலையங்கம். மலையகத்தின் பழைய பங்களாக்கள் இன்று “மரபுரிமை” என்ற பெயரில் திருத்தப்படுகின்றன. இதில் தொழிற்சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எமக்கு வேலை இருக்கிறது.

பங்களா எப்படி வந்தது

கோப்பிக் காலத்தில் முதலில் வந்த துரைமார் மாளிகையில் இருக்கவில்லை. 1852இல் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், லூல்கந்துர தோட்டத்தில் சிறிய மரக்குடில் ஒன்றில்தான் வாழ்ந்தார். 1867இல் அங்கே 19 ஏக்கரில் அவர் தேயிலை நட்டார். கோப்பிச் செடியை இலைநோய் அழித்த பிறகு மலை முழுவதும் தேயிலை வந்தது. தேயிலையோடு கம்பனிகள் வந்தன. கம்பனிகளோடு பெரிய பங்களாக்கள் வந்தன.

அந்தப் பங்களாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தோட்டத்தில் உறுதியான, நல்ல காற்றுள்ள மேடு எதுவோ அதில் பங்களா இருக்கும். அங்கிருந்து பார்த்தால் ஸ்டோரும் பெரட்டுக்களமும் மலைகளும் தெரியும். அகலமான விறாந்தை, குளிருக்கு நெருப்பு மூட்டும் அடுப்பு, பூந்தோட்டம், பின்புறத்தில் குசினி, அதற்கும் பின்னால் வேலைக்காரர் தங்கும் அறைகள். லயமோ பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. ஒரு காம்பிராவில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு குடும்பம். பங்களா பாதையில் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும், மழையென்றாலும் குடையை மடக்க வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

கட்டியது யார்? கருங்கல்லை உடைத்தவர், மரத்தைச் சுமந்தவர், பாதை வெட்டியவர், புல்தரையைப் பதித்தவர் எல்லோரும் செக்ரோலில் பேர் விழுந்த எங்கள் ஆட்கள்தான். கட்டிய பிறகு அதை நடத்தியதும் அவர்கள்தான். அப்பு சமைத்தார். ஆயா துரையின் பிள்ளையை வளர்த்தார். தன் பிள்ளையை அவர் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் போனார்.

டெயிலர் 1892இல் இறந்தபோது அவருடைய உடலைத் தோட்டத் தொழிலாளர்கள்தான் மாறி மாறித் தோளில் சுமந்து கண்டிக்குக் கொண்டு போனார்கள். மகியாவ கல்லறையில் அவருடைய பெயர் பொறித்த கல் இன்றும் இருக்கிறது. அவர் இருந்த குடிலின் எச்சத்தைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் லூல்கந்துரவுக்குப் போகிறார்கள். சுமந்து போனவர்களின் பெயரை எந்தப் பலகையிலும் நான் கண்டதில்லை.

பங்களாவுக்குள் எங்கள் வரலாறும் இருக்கிறது

“அது துரைமாரின் சின்னம், இடித்துத் தள்ளினால் என்ன?” என்று எங்கள் இளைஞர் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இடித்துவிட்டால் சாட்சியும் போய்விடும்.

1936இல் தேயிலைத் தொழில் பழகுவதற்காக மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தார். மடுல்கலைப் பக்கத்தில் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்தவர், தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலையிழந்தார். அடுத்த ஆண்டு சமசமாஜக் கட்சி மேடையில் ஏறிப் பேசினார். ஆளுநர் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று தீர்ப்பளித்தது.

வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம் என்றிருந்த காலத்தில், கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்தார். பின்னர் 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் கதைகளில் எதையும் பங்களாவை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. உத்தரவு புறப்பட்ட இடம் அது. மனுவோடு எங்கள் ஆட்கள் போய் நின்ற வாசலும் அது.

ஆகவே பங்களாவைக் காப்பதை நாம் எதிர்க்கவில்லை. வாசலின் ஒரு பக்கத்துக் கதையை மட்டும் காப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

இன்று என்ன நடக்கிறது

1972ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை மாறினார், பங்களாவும் லயமும் மாறவில்லை. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசாங்கத்துடையது, கம்பனிக்குக் குத்தகை. அதன் பிறகுதான் பங்களாக்களுக்குப் புதிய மதிப்பு வந்தது. கந்தப்பொலையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையே 1996இல் ஹோட்டலானது. 2005 முதல் பொகவந்தலாவைப் பக்கத்திலும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் துரைமார் பங்களாக்கள் உல்லாச விடுதிகளாகின. ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷம் மாளிகை இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அங்கே அவர் வைத்திருந்த தளபாடங்களையும் புத்தகங்களையும் இன்றும் பார்க்கலாம்.

ஹோட்டல் வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கத்தான் செய்கிறது. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவதை விட, வீட்டிலிருந்து போய் வரும் வேலை நல்லது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் எங்கள் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தில் ஒரு மாதம் முழுவதும் கொழுந்து பறித்தாலும், சில பங்களாக்களில் ஒரு இரவு தங்கும் கட்டணத்துக்குப் போதாது. வருகிறவர்கள் கொடுக்கும் பணம் படுக்கைக்கு மட்டுமல்ல, அந்த இடத்தின் பழைமைக்கும் சேர்த்துத்தான். அந்தப் பழைமையை உண்டாக்கியவர்களுக்கு அதில் ஒரு பங்கு கேட்பது பிச்சை கேட்பதல்ல.

சட்டமும் எங்களுக்குக் கைகொடுக்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் போன நாள் அது. அதற்குப் பிந்திய கட்டடம் ஒன்றுக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் அதற்கெனத் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். மலையகத்தில் தோட்டமும் பங்களாவும் லயமும் வந்தது எல்லாம் அந்தத் திகதிக்குப் பிறகுதான். பங்களாவைக் காப்பாற்ற அதில் இலாபம் காணும் ஒருவர் வருவார். லயத்தைக் காப்பாற்ற யார் வருவார்?

வன்னிக்கும் இதற்கும் என்ன தொடர்பு

“நாங்கள் தேயிலையை விட்டுவந்து ஐம்பது வருடமாகப் போகிறது, பங்களாக் கதை எங்களுக்கு எதற்கு?” என்று வன்னியில் இருக்கும் உறுப்பினர் குடும்பங்கள் கேட்கலாம். தொடர்பு இரண்டு வகையில் இருக்கிறது.

முதலாவது, எங்கள் முன்னோர் மலைக்கு ஏறிய வழி. மன்னார்க் கரையில் படகிலிருந்து இறங்கி, காடு வழியே நடந்து, அநுராதபுரம், தம்புள்ளை தாண்டி மாத்தளைக்குப் போனார்கள். கொலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்கள் இறங்கிய துறைகளில் ஒன்று அரிப்பு. அங்கே முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகையின் இடிபாடு கடலோரத்தில் நிற்கிறது. கடல் அதை அரித்துக்கொண்டிருக்கிறது. 1815க்கு முந்தியது என்பதால் அது தொல்பொருள். அந்தக் கரையில் இறங்கி நடந்த எங்கள் ஆட்களுக்கு அங்கே ஒரு பழைய நடுகல் கூட இல்லை. 2023இல், மலையக மக்கள் வந்த 200ஆவது ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். எங்கள் வரலாற்றுக்குக் கட்டடம் இல்லாதபடியால் அன்று காலால் நடந்து அதை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

இரண்டாவது, காகிதம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவராக்கியது. 1958, 1977 கலவரங்களும், எழுபதுகளின் பஞ்சமும் பல ஆயிரம் குடும்பங்களை வன்னிக்குத் துரத்தின. தருமபுரம், மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களில் காடு வெட்டிக் குடியேறினோம். பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை தந்தது. அந்த நாளில் நாங்கள் எங்கே இருந்தோம்? அதைச் சொல்லக்கூடியவை தோட்டத்தின் பிறப்புப் பதிவும் செக்ரோலும் டிஸ்பென்சரிப் புத்தகமும் தோட்டப் பாடசாலை இடாப்பும்தான். சேமலாப நிதி கேட்டுப் போனாலும் அதே கேள்விதான். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன இலக்கம்?

என் அப்பாயியின் தகரப் பெட்டியில் அவருடைய தோட்டத்துத் துண்டுகளும் அப்பாவின் பிறப்புச் சான்றிதழும் இருந்தன. 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன வழியில் ஒரு பதுங்குகுழியோடு அந்தப் பெட்டி போய்விட்டது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பிறகு அப்பாவின் பதிவைத் தேடி அவர் பிறந்த தோட்டத்துக்குப் போனபோது, பழைய புத்தகங்களைக் கறையான் அரித்து எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் யுத்தம் அழித்தது, அங்கே கவனமின்மை அழித்தது. துரைமாரின் பெயர்ப்பலகைக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் வார்னிஷ் பூசுகிறார்கள்.

லயத்தைக் காப்பதென்றால்

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். லயத்தில் இன்னும் மக்கள் வாழ வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை ஆட்களோடு மூடியது. அதைப் பார்த்த யாரும் லயத்தை அழகென்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதுகாப்பான இடத்தில் சொந்த நிலமும் உறுதியும் தனிவீடும் வேண்டும். அது எங்கள் முதல் கோரிக்கை. அதில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஆனால் கடைசிக் குடும்பம் தனிவீட்டுக்குப் போன பிறகு, கடைசிக் காம்பிராவையும் இடித்துவிட்டால், எங்கள் பேரப்பிள்ளைகள் பங்களாவைத்தான் பார்ப்பார்கள். அதைப் பார்த்துத் தோட்ட வாழ்க்கை அழகாக இருந்தது என்று நினைப்பார்கள். பக்கத்தில் ஒரு காம்பிரா இருந்தால் கேள்வி கேட்பார்கள்.

இது நடக்கக்கூடியதுதான். கம்பளைப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகமாக 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் ஆக்கியது. எங்கள் ஆட்கள் பாவித்த பாத்திரம், கருவி, காகிதம் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஹந்தானையில் தேயிலைக்கும் ஒரு அரும்பொருட்காட்சியகம் உண்டு. அங்கே இயந்திரத்தைப் பார்க்கலாம், இங்கே மனிதரைப் பார்க்கலாம். பிள்ளைகளை இரண்டுக்கும் கூட்டிப் போக வேண்டும்.

கடல் கடந்தும் உதாரணம் உண்டு. மொரிஷியஸ் தீவில் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் என்ற இடத்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. அதில் மாளிகை எதுவும் இல்லை. அவர்கள் ஏறிய கல்படிகளும் தங்கவைக்கப்பட்ட கொட்டகைகளின் எச்சமும்தான். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் விட்னி தோட்டம் 2014இல் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. முதலாளியின் பெரிய வீட்டை அவர்கள் இடிக்கவில்லை. அங்கே அடிமைகளாக உழைத்தவர்களின் பெயர்களைச் சுவர்களில் பொறித்து, அவர்களின் கதையை முதலில் சொல்கிறார்கள்.

நாம் கேட்பது, நாம் செய்வது

பங்களாவை ஹோட்டலாகவோ காட்சியகமாகவோ மாற்றும் கம்பனிகளிடமும், நிலத்தின் சொந்தக்காரரான அரசாங்கத்திடமும் நாம் கேட்பவை இவை:

முதலாவது, துரைமார் பலகை இருக்கும் ஒவ்வொரு பங்களாவிலும், அதே அளவில், அதைக் கட்டி நடத்திய தொழிலாளரின் வரலாறும் பெயர்களும் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மக்களுக்கு வீடு கொடுத்த பிறகு, ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒரு லயத்தையாவது, ஒரு பிள்ளைமடுவத்தையாவது வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய செக்ரோல், பிறப்பு இறப்புப் புத்தகம், டிஸ்பென்சரிப் பதிவு எதையும் எரிக்கவோ பழைய பேப்பருக்கு விற்கவோ கூடாது. தேசிய சுவடிகள் கூடத்திடம் கொடுக்க வேண்டும். வன்னியில் இருந்து வரும் குடும்பம் கேட்டால் பிரதி கொடுக்க வேண்டும்.

நான்காவது, பங்களா ஹோட்டல்களில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் சங்கத்தில் சேரும் உரிமையும் வேண்டும். பழைய காலத்து அப்புவையும் ஆயாவையும் போல அவர்களை நடத்தக் கூடாது.

கேட்பதோடு நின்றுவிட முடியாது. எங்கள் வேலையையும் நாங்கள் செய்ய வேண்டும். இந்த இதழ் கைக்குக் கிடைத்த கிழமையிலேயே வீட்டில் இருக்கும் பெரியவரோடு உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயம், எத்தனையாவது காம்பிரா, கங்காணி யார், பங்களாவில் வேலை செய்தது யார் என்று கேட்டு எழுதுங்கள். கையில் இருக்கும் போனில் அவருடைய குரலைப் பதிவு செய்யுங்கள். பழைய துண்டு, சான்றிதழ், படம் இருந்தால் போட்டோக் கொப்பி எடுத்து ஒன்றைச் சங்கக் கிளையில் கொடுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், சங்கத்திடமும் கொடுக்காதீர்கள். வன்னிக் கிளைகள் தோட்டவாரியாக ஒரு பட்டியல் போடட்டும். மலையகக் கிளைகள் அந்தத் தோட்டங்களில் எந்தப் புத்தகம் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கட்டும். இரண்டையும் சேர்த்தால் காணாமல் போன பல குடும்பங்களின் தொடர்பு திரும்பக் கிடைக்கும்.

நான் என் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதைத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் பாட்டி சொன்னதை எழுதினோம்: பங்களா வாசலில் கல் பதித்தவர் அவருடைய தாத்தா. அந்தப் பக்கத்தின் பிரதியை ஹோட்டல் முகாமையாளரிடம் சங்கத்தின் கடிதத்தோடு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை கேட்போம். அடுத்த விடுமுறைக்கு நான் கிளிநொச்சிக்குப் போகும்போது பாட்டி மறுபடியும் கேட்பார். அவருக்குச் சொல்ல ஒரு நல்ல பதிலோடு போக வேண்டும் என்பதே என் விருப்பம்.